நெட்டையன்

சாப்பாட்டு மேஜையில் தம்பி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அவள் இன்னும் கொஞ்ச நாள் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

ராணுவத்துக்குப் பாடம் எழுதுவது அவள் வேலை. துப்பாக்கியைத் தொட்டதில்லை, பலூன் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ரகம். ஆனாலும் சிப்பாய்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்கிற பாடங்கள், அதில் வரும் படங்கள், கடைசியில் வரும் கேள்விகள் எல்லாம் அவள் கைவேலை. கூடாரம் அடிப்பது எப்படி, கொசுவை விரட்டுவது எப்படி, முகாமில் கக்கூஸ் தோண்டுவது எப்படி என்று ஒவ்வொன்றாக முடித்து, இப்போது விஷவாயு முகமூடிக்கு வந்திருந்தாள். "என் பொண்ணு ராணுவத்துக்கே வாத்தியார்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

தம்பி நிஜமான சிப்பாய். லீவு முடிந்து போனதும் அவனுக்கு அந்த முகமூடிப் பாடத்தில்தான் தேர்வு. தேறியவர்களைப் புகை அறைக்குள் அனுப்புவார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் கண்ணெரிச்சல் புகையை நிரப்பி, முகமூடியைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார்கள். அதையும் தாண்டியவர்களுக்கு ரசாயன விபத்து மீட்புப் பிரிவில் இடம். அங்கே வருவது கண்ணெரிச்சல் புகை அல்ல, அசல் விஷம். அந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

"படிச்சியாடா?"

"எதுக்குக்கா படிக்கணும்? நெட்டையனைப் புடிச்சா போதும்."

"எந்த நெட்டையன்?"

"நாலு விடை குடுக்கறல்ல? அதுல எது நீளமோ அதான் சரி. கேம்ப் பூரா அதான். கேள்வியைக்கூட யாரும் பாக்கறதில்ல. ஒருத்தன் ஷேவ் பண்ணிக்கிட்டே கக்கூஸ் பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கினான்."

அவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"நீ எங்களுக்காக வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு அங்க ரசிகர் மன்றமே இருக்குக்கா."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், சோறு வடிக்கிற தட்டை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள். "இதான் முகமூடி. சுத்தி விஷவாயு. மாட்டு."

அவன் வடிதட்டை முகத்தில் அழுத்திக்கொண்டான். "மாட்டியாச்சு."

"அடுத்து?"

"அடுத்து என்ன? மூச்சு விட வேண்டியதுதான்." நெஞ்சு நிறைய இழுத்தான்.

"போய்ட்ட."

"எங்க?"

"மேல. மாட்டும்போது உள்ள மாட்டிக்கிட்ட காத்தும் விஷம்தாண்டா. முதல்ல அதை ஃபூன்னு ஊதி வெளிய தள்ளணும். அப்புறம்தான் இழுக்கணும்."

"அப்படியா? எந்தக் கேள்வில வருது அது?"

"சோத்துக்கு முன்னாடி உக்காந்து சாவு பேச்சு பேசாதீங்க" என்றாள் அம்மா. "அந்தத் தட்டைக் கழுவி வை."

மறுநாள் காலை, பையைக் கட்டிக்கொண்டிருந்தவனை மறுபடி கேட்டுப் பார்த்தாள். மறுபடி செத்தான். அந்தப் பாடத்தில் இன்னும் வாரை இறுக்குவது, வடிகட்டியைப் பார்ப்பது, ஓரத்தை அமுக்குவது என்று எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வீட்டில் அத்தனை பாத்திரம் இல்லை. பஸ் ஏறும்போது அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

ஆபீஸ் போனதும் பழைய கேள்விகளை எல்லாம் திறந்து பார்த்தாள். தம்பி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நெட்டையன்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பெற்றவர் யார் என்பதும் புரிந்தது. பெரிய மேஜைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மேஜர்தான். அவள் எழுதுகிற ஒவ்வொரு சரியான விடைக்கும் அவர் ஒரு வால் சேர்ப்பார். அதனால் அவர் வால் மேஜர். அவள் எழுதியது, 'மூச்சை வெளியே ஊதிய பிறகு உள்ளே இழுக்கவும்.' அவர் கை பட்டு வெளிவந்தது, 'சூழ்நிலைக்கேற்ப மூச்சை முழு வேகத்துடன் வெளியே ஊதி, முகமூடியின் ஓரங்களைச் சரிபார்த்து, இயன்றால் மேலதிகாரிக்குத் தகவல் தெரிவித்த பிறகு உள்ளே இழுக்கவும்.' அதற்குப் பக்கத்தில் தப்பான விடைகள் வால் முளைக்காமல் 'ஓடவும்', 'இழுக்கவும்', 'படுக்கவும்' என்று குட்டை குட்டையாக நின்றன.

"சார், மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கறவன் மேலதிகாரிக்கு எப்படி சார் தகவல் சொல்வான்?"

"இயன்றால்னு போட்டிருக்கேனேம்மா."

"வாலைக் கொஞ்சம் வெட்டலாமா சார்?"

மேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொண்ணுக்கும் மேல கையெழுத்து வாங்கியிருக்கு. ஒண்ணுல கை வெச்சாலும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உன் பேரன் காலத்துல பதில் வரும்."

பக்கத்தில் நின்ற மேனேஜருக்குக் கவலை வேறு. ஆபீஸ் கண்ணாடிக் கதவில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்தவர் அவர். "எல்லாரும் பாஸ் ஆகறாங்க, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. உனக்கு என்னம்மா பிரச்சினை?"

"என் தம்பி செத்துச் செத்துப் பாஸ் ஆகறான் சார்."

மேனேஜர் அதை ஒரு ஜோக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் மேஜரிடம் திரும்பினாள்.

"தப்பான விடைக்கும் கையெழுத்து வேணுமா சார்?"

"தப்புக்கு யாரும்மா கையெழுத்துப் போடுவா? அதையெல்லாம் படிக்க யாருக்கு நேரம்?"

அவ்வளவுதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாவல் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. அந்த ஆசை மொத்தமும் இப்போது தப்பான விடைகளுக்குள் பாய்ந்தது.

'முகமூடியை மாட்டியவுடன், சூழ்நிலைக்கேற்ப, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று நிதானமாக யோசித்து, அது விஷம் என்று புரிந்த கணத்தில், இயன்றால் மேலதிகாரியிடம் விடைபெறவும்.'

'வடிகட்டி நனைந்திருந்தால் அதைப் பிழிந்து, கொடியில் காயப்போட்டு, வெயில் வரும்வரை பொறுத்திருக்கும்படி எதிரியிடம் உரிய மரியாதையுடன் கேட்டுக்கொள்ளவும்.'

எழுத எழுதச் சுகமாக இருந்தது. கேள்விக்குக் கேள்வி தப்புகள் நீண்டு, நெட்டையன் அவற்றின் நடுவே குட்டையனாகிப் போனான். மேலிடம் கையெழுத்துப் போட்ட மேஜரின் வரிகளில் ஒரு புள்ளியைக்கூட அவள் தொடவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் தம்பி போன் செய்தான். "அக்கா, பாடத்தை என்னமோ மாத்திட்டீங்களாமே. நெட்டையன் பத்திரமா இருக்கான்ல?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். தேர்வில் பிழைப்பான். அறைக்குள் என்ன ஆவான் என்று நினைத்தபோது அவள் கண்ணுக்குள் அந்த வடிதட்டு வந்து நின்றது.

"படிச்சுட்டுப் போடா."

"ஜோக்கடிக்காதக்கா."

"படி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மொத்த முகாமும் ஊற்றிக்கொண்டது. ஷேவ் பண்ணிக்கொண்டே நூறு வாங்கியவனுக்கு முட்டை. தம்பி அம்மாவிடம் பேசினான், இவளிடம் பேசவில்லை. "கூடப் பொறந்தவளே குழி வெட்டிட்டான்னு சொல்றான். என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றாள் அம்மா. ஆபீஸில் முகாம் கர்னல் போனில் கத்தியது கண்ணாடிக் கதவு வரை கேட்டது. மேனேஜர் வியர்த்துப்போய் அவளை மேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பாடத்துல ஏதோ தப்பு இருக்கு சார். நீங்களே பாருங்க."

மேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியைத் திறந்தார். நான்கு விடைகளையும் பார்த்தார். ஒன்றில் கண் நின்றது. முகம் மலர்ந்தது. "இதோ, 'சூழ்நிலைக்கேற்ப', 'இயன்றால் மேலதிகாரி'. இது நான் எழுதின வரி. எனக்குத் தெரியாதா?" என்று கம்பீரமாக அழுத்தினார்.

திரை சிவந்தது. மூச்சுத் திணறும் ஒரு கார்ட்டூன் சிப்பாய் உருண்டு விழுந்தான். 'தவறு. மீண்டும் முயலவும்.'

மேஜர் இரண்டாவது கேள்விக்குப் போய், மறுபடி விடைபெற்று, மூன்றாவதில்தான் முழுசாகப் படிக்க ஆரம்பித்தார். எதிரியிடம் வெயிலுக்காகக் காத்திருக்கச் சொல்லும் இடத்தில் அவர் மீசை லேசாக ஆடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாடத்துல தப்பில்ல" என்றார். "என் வரி எல்லாம் அப்படியே இருக்கு. இது கடினநிலைத் தேர்வுன்னு கர்னல்கிட்ட சொல்லுங்க. நானே சிபாரிசு பண்ணேன்னும் சொல்லுங்க."

எல்லோரும் தோற்றுவிட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை. மீட்புப் பிரிவுக்கு ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டு, மறுதேர்வு வைத்தார்கள். பாதிப் பேர் தேறினார்கள். தம்பியும் தேறினான் என்று அம்மா வழியாகத் தெரிந்தது. அப்புறம் புகை அறை. அன்று அவள் ஆபீஸில் எதையும் எழுதவில்லை. போன் அடித்தபோது எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"செத்தியா?"

"ஊதினேன்க்கா." குரல் கரகரத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "மாட்டினதும் இழுக்கத்தான் போனேன். 'மேலதிகாரியிடம் விடைபெறவும்'னு ஞாபகம் வந்துச்சு. சிரிப்பு வந்து ஃபூன்னு காத்து தானா வெளிய போச்சு. பக்கத்துல நின்னவன் இழுத்துட்டு வெளிய ஓடி வாந்தி எடுத்தான். எனக்கு இடம் கிடைச்சிருச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோபம் போச்சா?"

"அதெல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணு, பசங்க புது வழி கண்டுபிடிச்சுட்டாங்க. உன் ரசிகர் மன்றம் இன்னும் பெருசாயிருச்சு."

"என்ன வழி?"

"நாலையும் படிக்கணும். எதைப் படிச்சா சிரிப்பு வருதோ அது தப்பு. எதைப் படிச்சா தூக்கம் வருதோ அதான் சரி."

போனை வைத்ததும் அவள் மேஜரின் வரிகளை ஒருமுறை பார்த்தாள். தூக்கம் வந்தது. அடுத்த பாடத்தின் கோப்பைத் திறந்து, தப்பான விடைகளில் இருந்து ஆரம்பித்தாள்.