மருந்து கொடுக்காத எலிகள்

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையதல்ல. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா சாப்பிடும்போது சொன்னது. "எலி சாகவும் கூடாது, குணமாகவும் கூடாது. இழுத்துக்கிட்டே கிடக்கணும்." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். மாலை நேர எழுத்து வகுப்பில் சேர்ந்ததிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் குறித்துக்கொள்கிறேன். இதையும் குறித்துக்கொண்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "நள்ளிரவு. ஆய்வகத்தில் ஒற்றை விளக்கு மட்டும்

(அடித்துவிட்டேன். அக்கா இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.)

2

அவள் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. நெடுநாள் நுரையீரல் தொற்று உள்ளவர்களுக்கு ஆன்டிபயாடிக் முதலில் கேட்கும், பிறகு கேட்காது. நெஞ்சுக்குள்ளேயே கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. எப்படிப் பழகுகிறது என்று நோயாளியைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் எலி. கிருமியை அப்படியே விட்டால் எலியின் உடம்பு அதை விரட்டிவிடும், இல்லையென்றால் எலி செத்துவிடும். எனவே கிருமியைக் கூழ் போன்ற நுண்மணிகளுக்குள் பொதிந்து, எலிக்கு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய் வழியாக இறக்குகிறாள். தொற்று தங்கும். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். மருந்து பெற்றவற்றில் மட்டும் கிருமிக்கு மருந்தெதிர்ப்பு தோன்றினால் அது மருந்தால் வந்தது. அதன்பின் புதிய மருந்துகளை இப்படிப்பட்ட எலிகளில் சோதிக்கலாம்.

(இந்தப் பத்தியைச் சுருக்கச் சொல்வார் வகுப்பாசிரியர். சுருக்க மாட்டேன்.)

3

தண்ணீர் மட்டும் குடித்த எலிகளிலும் எதிர்ப்பு தோன்றியது.

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். அக்காவின் பேராசிரியரைக் கதைக்குள் கூப்பிட்டு, "தண்ணீர் எலிகளை விட்டுடு, மத்ததைக் காட்டு" என்று பேச வைத்தேன்.

அக்கா படித்துவிட்டு, "அடிப்பாவி! அந்த மனுஷன் இப்படிப் பேசினதே இல்லை. இது என் மண்டைக்குள்ள ஓடினது" என்றாள்.

"உனக்கா?"

"ஒரு மத்தியானம் முழுக்க. எழுதறதுன்னா அதை எழுது."

தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு கூண்டுக்கு வெளிச்சம் அதிகம், ஒன்றுக்குக் காற்று அதிகம் என்ற வித்தியாசம் யாருக்கும் சாதகமாகிவிடக் கூடாதென்று, ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு வகை எலிகளையும் கலந்து வைத்திருந்தாள். நியாயம் பார்த்ததில் வந்த வினை. மருந்தில் கொஞ்சம் புழுக்கையோடு வெளியே வரும். எலி புழுக்கையைத் தின்னும். (இது அவளுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் எலி ஒன்று பக்கத்து எலியின் புழுக்கையை இரு கையாலும் பிடித்துக் கொறிப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.) தண்ணீர் எலிக்குள்ளும் கொஞ்சம் மருந்து போயிருக்கிறது; எதிர்க்கப் பழகும் கிருமிக்கு அரைகுறை மருந்தே வசதி.

"கதையில எலிப்புழுக்கை வருமா?"

"வரும்."

"அப்போ அம்மாகிட்ட காட்டித் தொலைக்காதே."

4

நாளை ஆய்வகத்தில் கூட்டம். அக்காவின் வேலை நீடிக்குமா என்பதும் அங்கேதான் முடிவாகும். மறுபடி முதலிலிருந்து என்றால் புதிய எலிகள் வேண்டும், அவையும் சாகும். அவற்றைப் பற்றி "அந்தச் சின்னக் கண்கள்" என்று தொடங்கினேன். "அழ வைக்காதே. அதுங்க சாவை வீணாக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

முடிவு அ: பேராசிரியர் எழுந்து கைகொடுக்கிறார்.

முடிவு ஆ: வேலை போய்விடுகிறது. அக்கா மழையில் நனைந்தபடி

"எங்கிட்ட குடை இருக்குடி."

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் நாளைய பேச்சை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். முதலில் புதிய திட்டம், கடைசியில் தவறு என்று வைத்திருந்தாள். நிறுத்துகிறாள். மாற்றுகிறாள். "இந்த ரிசல்ட்டை நாம பயன்படுத்த முடியாது. எலிகளைக் கலந்து வெச்சது நான்." திரும்பத் திரும்பச் சொல்கிறாள், குரல் நடுங்காமல் வரும்வரை.

கதையை இன்று மாலை வகுப்பில் கொடுக்க வேண்டும். ஒருநாள் தவணை கேட்டால் ஆசிரியர் தருவார். கேட்கப் போவதில்லை. நாளை அந்த மேசையைச் சுற்றி உட்காருபவர்களில் ஒருவராக நீங்கள் இருங்கள். அவள் பேசி முடித்ததும் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் முடிவு. சொல்வதற்கு முன் ஒன்று: கூண்டுகளை அவள் நேற்றே கழுவி அடுக்கிவிட்டாள். அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு மருந்துக் கூண்டு, பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில், தனியாக ஒரு தண்ணீர்க் கூண்டு. எல்லாம் காலியாக, கதவு திறந்தபடி.