நாலா, அஞ்சா

அன்று லைட் ரூமில் இருந்தவர்கள்: தோல் டாக்டர் ஹயக்ரீவன். மிஷினோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்த கம்பெனி ஆள் சேதுபதி. நர்ஸ் பரிபூரணம். டாக்டரின் அக்கா மகள் வஞ்சுளவல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டு கன்னத்திலும் மங்கு, கறுப்புத் திட்டு. அப்புறம் நான், பால்பாண்டி.

1998, ஆடி மாதக் கடைசி. மில்லில் நைட் ஷிப்ட் போவதை நிறுத்திவிட்டு நான் வீட்டில் கிடந்தபோது, ஜெனரேட்டரையும் ஏசியையும் பார்த்துக்கொள்ள டாக்டர் என்னை வைத்துக்கொண்டார். லைட் மிஷின் வந்ததும், இரண்டு பேராவது இதைப் படிக்க வேண்டும் என்று சேதுபதி சொன்னார். பரிபூரணம் ஊசி போடச் சொன்னால் போடுவேன், மின்னல் வெட்டுகிற சாமானைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் கைப்பிடி என் கைக்கு வந்தது.

மிஷின் சின்ன பீரோ உயரம். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் கைப்பிடி, கைப்பிடியின் நுனியில் தீப்பெட்டி அகலத்துக்குக் கண்ணாடி. முகத்தில் ஜெல் தடவி, கண்ணாடியை வைத்து அழுத்தினால் ஒரு வெட்டு வெட்டும். வெளிச்சம் தோலுக்குள் போய்க் கறுப்பைச் சுடும். சுட்ட கறுப்பு சில நாளில் உதிர்ந்து புதுத் தோல் வரும். சேதுபதி காலையிலிருந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் காட்டிய படங்களில் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. மங்கும் கறுப்பு, நம் தோலும் கறுப்பு. எந்தக் கறுப்பைச் சுட வேண்டும் என்று வெளிச்சத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது," என்றார் சேதுபதி. "அதுக்குத்தான் நம்பர்."

நம்பர் ஒரு அட்டையில் இருந்தது. ஒன்றிலிருந்து ஆறு வரை, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு பட்டைகள். ஆளின் தோலை அட்டையோடு ஒட்டிப் பார்த்து நம்பர் எடுக்க வேண்டும். நம்பர் கூடக் கூட மிஷினில் சூட்டைக் குறைக்க வேண்டும். தப்பான நம்பர் வைத்தால் மங்கோடு தோலும் வெந்துபோகும். வெந்த இடம் கறுத்துப் போகலாம், வெளுத்தும் போகலாம். சில பேருக்கு அது திரும்பவே திரும்பாது. பாதுகாப்பு என்று அன்று சொல்லிக்கொடுத்ததில் பாதிக்கு மேல் இதுதான். மீதி கறுப்புக் கண்ணாடி போடுவது, தோடு, வாட்ச் கழற்றுவது.

பழகுவதற்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் நாலு. பரிபூரணம் ஆறு என்று சேதுபதி சொன்னார், அவள் அஞ்சுக்குக் குறைய மாட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். எனக்கு முகத்தில் அஞ்சு, வாட்ச் கட்டுகிற இடத்தில் நாலு, வயிற்றில் இன்னும் கீழே. ஏழு வருஷம் ராத்திரியில் வேலை பார்த்துப் பகலில் தூங்கிய உடம்பு. நான் எந்த நம்பர் ஆள் என்று கேட்டேன். எந்த இடத்தில் வைக்கிறோமோ அந்த இடத்து நம்பர் என்றார் சேதுபதி. அப்படியென்றால் ஒரே ஆளுக்கு மூன்று நம்பரா என்றேன். அவர் தண்ணீர் குடித்தார்.

அட்டை போதாது என்றால் கேள்விகளும் இருந்தன. வெயிலில் நின்றால் உங்கள் தோல் முதலில் சிவக்குமா, உடனே கறுக்குமா?

"வெயில்ல நின்னு சிவந்த ஆளை நான் இன்னும் பாக்கலை," என்றாள் பரிபூரணம். "எங்க ஊர்ல கருகித்தான் போவாக."

வஞ்சுளவல்லி மதியத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். ஆவணி பிறந்ததும் அவளைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு வீட்டாரும் கன்னத்தைப் பார்த்துவிட்டுப் போய் பதில் எழுதவில்லை. களிம்பு எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. மிஷின் வந்ததே அவளுக்காகத்தான் என்று பரிபூரணம் என் காதில் சொன்னாள்.

சேதுபதி தாளைப் பார்த்து அவளிடம் கேள்விகளைக் கேட்டார். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா? இல்லை. காயம் பட்டால் தழும்பு தடிக்குமா? இல்லை. கடைசி ஒரு மாதத்தில் வெயிலில் அதிக நேரம் நின்றாளா? இல்லை. வீட்டை விட்டு நான் எங்கே போகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அட்டையைக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்தோம். மங்கு இல்லாத இடத்தில் நாலு. டாக்டரும் நாலு என்றார். எனக்கும் நாலாகத்தான் தெரிந்தது. நாலுக்கு உரிய சூட்டை வைத்தோம். முதலில் காதோரமாக ஒரே ஒரு வெட்டு போட்டு, தோல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று புஸ்தகத்தில் போட்டிருக்கிறது என்றார் சேதுபதி. ஆனால் சாயங்காலம் அவருக்கு மதுரையில் ரயில். அதனால் செத்த நேரம் பார்த்தால் போதும் என்றும் அவரே சொன்னார்.

எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டோம். நான் கைப்பிடியை அவள் காதோரம் வைத்து அழுத்தினேன். கண்ணாடிக்குள்ளும் வெள்ளையாக அடித்தது. முடி பொசுங்கினால் வருகிற வாசனை லேசாக வந்தது. அவள் கையை மட்டும் ஒரு முறை இறுக்கிக்கொண்டாள்.

கண்ணாடிகளைக் கழற்றியதும் பரிபூரணம் பஞ்சால் ஜெல்லைத் துடைத்தாள். பஞ்சைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குக் காட்டினாள். மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் பூசினாயா என்று டாக்டர் கேட்டார். அம்மாதான் நாலு நாளாகப் பூசிவிடுகிறாள் என்றாள் வஞ்சு. முகம் கறுத்துப்போயிருந்ததாம், அதை எடுக்கவாம்.

"எதுல கறுத்தது?" என்றார் டாக்டர்.

அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது பரிபூரணம் சொல்லிவிட்டாள். "தேரன்னைக்கு நான் பாத்தேனே பாப்பா. ரத வீதியில தேருக்குப் பின்னாலயே வந்தீக. நிலைக்கு வர்ற வரைக்கும் நின்னீக."

"வெயில்ல நிக்கலைன்னு சொன்னீங்களே," என்றார் சேதுபதி.

வஞ்சுவுக்கு அவர் கேட்பது விளங்கவில்லை. "அது ஆண்டாள் தேர், அண்ணா," என்றாள். "அதைப் போய் வெயில்ல நின்னதுன்னு யாராவது சொல்லுவாளா?"

 அந்த ஆடிப்பூரத் தேருக்கு டாக்டரும்தான் போயிருந்தார். கேள்வியை அவரிடம் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

அவளைக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு முகம் கழுவிவிட்டு வந்தாள் பரிபூரணம். மறுபடி அட்டையை வைத்தோம். இப்போது நாலு இல்லை. சேதுபதி நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் என்றார். டாக்டர் அஞ்சு என்றார். கழுத்தில் சந்தேகமில்லாமல் அஞ்சு. நெற்றியில் மஞ்சள் இன்னும் போகவில்லை, அங்கே என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மஞ்சள் நம் கண்ணை மட்டும் ஏமாற்றியதா, வெளிச்சத்தையும் குடித்ததா என்று டாக்டர் கேட்டார். மிஷின் செய்தவன் மஞ்சளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றார் சேதுபதி. கீழே எஸ்டிடி பூத்துக்குப் போய் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தார். போனை எடுத்தவனுக்கும் மஞ்சளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையாம், பெங்களூர் ஆபீஸைக் கேளுங்கள் என்றானாம்.

அவர் திரும்பி வந்தபோது காதோரம் சிவந்திருந்தது. சிவந்த ஆளைப் பார்த்ததில்லை என்று சொன்ன பரிபூரணம் கிட்டே வந்து பார்த்தாள். இன்னும் செத்த நேரம் போனதும் சிவப்பு மங்கி, தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது. ஓரங்கள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

இது சாதாரணம், மங்கு மேலே ஏறி வந்தால் இப்படித்தான் கறுத்து உதிரும் என்றார் சேதுபதி. அந்த இடத்தில் மங்கே இல்லையே என்றேன். அவர் குனிந்து பார்த்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். உதிர்ந்து புதுத் தோல் வருமா, இப்படியே நிற்குமா என்று டாக்டர் கேட்டார். வரும் என்றார் சேதுபதி. எப்போது? அது ஆளைப் பொறுத்தது.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். முடிவு என்று அதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அஞ்சு வைத்து, அதிலும் சூட்டைக் குறைத்து, கன்னம் இரண்டுக்கும் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். அவ்வளவு குறைத்தால் மங்கு போகாது, நாலிலேயே கொஞ்சம் குறைக்கலாம் என்றார் சேதுபதி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பிடி என்னிடம் இருந்தது.

இரண்டு பேர் சொன்னதில் எது சரி என்று எனக்குப் புரியவில்லை. மில்லில் மிஷின் கோளாறு என்றால் நிறுத்திவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுவோம். இங்கே மேஸ்திரிகள் இரண்டு பேரும் எதிரிலேயே நின்றார்கள்.

"எந்த நம்பர்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க சார்," என்றேன். "அதுவரைக்கும் நான் அழுத்தமாட்டேன். அந்தக் கட்டம் ரெண்டு நாள்ல என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் செய்வோம்."

ரெண்டு நாளில் நான் இங்கே இருக்கமாட்டேன் என்றார் சேதுபதி.

வஞ்சு எழுந்து உட்கார்ந்தாள். சுவரில் இருந்த கண்ணாடியில் காதோரத்தைத் திருப்பிப் பார்த்தாள். தலைமுடியை இழுத்து மூடினாள். அது மூடியது. கன்னத்தைப் பார்த்தாள். அதை மூட ஒன்றுமில்லை.

"அண்ணா, பொண் பார்க்க வரப்போறது உங்களையா, என்னையா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் முகம் அது போல ஆகலாம் என்றேன். முழுக் கன்னமும்.

"ஆகலாமா, ஆகுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"தெரியாதுன்னா அப்பறம் ஏன் தடுக்கறேள்? இப்ப மட்டும் என்ன வாழறது?" அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். "மாமா, நீங்க போடுங்கோ. அஞ்சோ நாலோ, உங்களுக்குத் தோணறதை வையுங்கோ."

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார். பரிபூரணம் ஜெல் டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்திருந்தாள். தெரியாததைச் செய்யாமல் இருப்பது சரி என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது. அடுத்த நிமிஷம், அவளுக்கு நான் யார் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத் தலைக்குள் கிடந்தன.

"பாண்டி," என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமல். "கைப்பிடியை இப்படிக் குடு. நீ செத்த வெளியில இரு."

கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்திருந்த கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தேன். வஞ்சு கண்ணை மூடியிருந்தாள். சேதுபதி மிஷினில் எதையோ திருகினார், எந்தப் பக்கம் திருகினார் என்று தெரியவில்லை.

நான் வராந்தாவுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் பரிபூரணம் உள்ளிருந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவியும் திரும்பியது.