அடுத்த மனையில் அடுப்படி

ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊரில் புதிதாக நிலம் அளந்தபோது, விசைத்தறி ஓட்டும் மணிவேலின் சமையலறை முழுவதும் பக்கத்து வீட்டுத் துர்காதேவியின் மனையில் நிற்பது தெரிந்தது. அவளைக் கண்டாலே அவர் ஒதுங்கிப் போனார். அவள் விடவில்லை.

"என்னண்ணா, என் எடத்துல தெனமும் கொழம்பு கொதிக்குது, எனக்கு ஒரு கிண்ணம்கூட வரலியே?"

பயந்துபோன மணிவேல் சித்தூருக்குப் போய் வக்கீலைப் பார்த்தார்.

"நெலம் அந்தம்மாவுதுதான்" என்றார் வக்கீல். "ஆனா அவங்க நைனாவே கயிறு புடிச்சுக் காட்டின எடத்துலதானே கட்டினீங்க? அவங்க இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போவணும். அதவிட, அதே அளவு எடத்தை மாத்திக் குடுத்துப் பதிவு பண்ணிக்குங்க."

ஊர் திரும்பியவர் நேராக அவள் வாசலில் போய் நின்றார். "என் கொல்லையில எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்கம்மா. அடுப்படிய மட்டும் விட்டுடு."

துர்காதேவி சிரித்துவிட்டாள். "நான் எப்பண்ணா கடப்பாரை எடுத்தேன்? பயந்துக்கினு சித்தூர் வரைக்கும் போவணுமா? நடுவுல ஒரு செவுருதானே இருக்குது!"

மணிவேலுக்கு வெட்கமாகிவிட்டது. துணி உலர்த்த வசதியாக இருக்குமென்று அவள் கிழக்கு மூலையைக் கேட்டாள். மறுவாரம் இருவரும் ஒரே ஆட்டோவில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். வழியெல்லாம் மணிவேலின் வாய் ஓயவில்லை.