மூட்டை ஏறிய உதைவண்டி

போன குளிர்காலத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த பிறகும், பனி உருகும்வரை வெளியே காலெடுத்து வைக்கவில்லை. ஜன்னலோரமே கதி என்று கிடந்தேன். என் கணவர் எஸ்கோ ஏதாவது கேட்டால் "ம்" என்பேன், அதோடு சரி. எங்கள் குஹ்மோ ஊர் முழுக்க வாயாடி ஹெல்வி என்று பெயரெடுத்தவள் நான். என் வாய் அடைத்துப்போனதில் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வருடம் பாதையில் பனி கெட்டிப்பட்டதுமே எஸ்கோவின் முட்டி மக்கர் பண்ணியது.

"ஹெல்வி, தெருமுனைப் பெட்டியில பேப்பர் கிடக்கும். எனக்கு நடக்க முடியல. உதைவண்டியில உக்காந்துக்கறேன், நீ தள்ளேன்."

"நல்லாயிருக்கே! நானும் விழுந்து உன்னையும் கவுக்கவா?"

"காலி வண்டிதான் வழுக்கும். என்னை மாதிரி ஒரு மூட்டை உக்காந்தா அது உன்னைத் தாங்கும். பிடிச்சுக்கிட்டு வா."

உதைவண்டிக்குச் சக்கரம் கிடையாது; முன்னால் நாற்காலி, பின்னால் கைப்பிடி, கீழே பனியில் சறுக்க இரண்டு நீள இரும்புப் பட்டை. கைப்பிடியை விடாமல் பற்றிக்கொண்டு நத்தையாய் நகர்ந்தேன். நடப்பவர்கள் வழுக்காமலிருக்க நகராட்சிக்காரன் பொடிஜல்லி தூவிய இடத்தில் பட்டை கரகரவென்று நின்றுவிடும். அவனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன். அடுத்த வீட்டு பாவோ வேலியோரம் நின்று, "என்ன எஸ்கோ, பொண்டாட்டி தள்ள ராஜா சவாரியா?" என்று கேலி செய்தான். ஒரு காலத்தில் பனிச்சறுக்கில் ஊரையே ஜெயித்த மனுஷர், பதிலே சொல்லவில்லை.

தினமும் போனோம். ஒருநாள் துணிந்து ஒரு காலைப் பட்டையில் வைத்து மறுகாலால் உதைத்தேன். வண்டி பறந்தது.

"கொலைகாரி!" என்று கத்தினார் எஸ்கோ. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்குப் பிறகு, பேப்பர் வராத நாளிலும் "கிளம்புய்யா" என்று நானே அவரை எழுப்பினேன்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து ஜன்னல் வழியே பார்க்கிறேன், எஸ்கோ குளியல் குடிலின் கூரைமேல் நின்று பனியை வாரித் தள்ளிக்கொண்டிருக்கிறார். முட்டிவலிக்காரர்! ஏணியின் கடைசிப் படிகளை விட்டுவிட்டுக் குதித்தார் வேறு.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நாலு வாங்கு வாங்கலாம் என்று கதவுவரை போனேன். பாவோவின் கேலி ஞாபகம் வந்தது. என்னை வெளியே கொண்டுவர, ஒரு வார்த்தை பேசாமல் அதை விழுங்கியிருக்கிறார். அங்கேயே நின்று அழுதேன்.

மறுநாள் அவர் வண்டியில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"முட்டி எப்படி?"

"நேத்தைவிட மோசம்."

"ஏணியிலேருந்து நல்லாத்தானே குதிச்சுது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல எழுந்தார்.

"அப்போ... இனிமே வெளிய வரமாட்டியா, ஹெல்வி?"

தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"காலி வண்டி வழுக்கும்னு நீதானய்யா சொன்னே? உக்காரு, மூட்டை."