மூன்றாவது வரி

சபை முழுவதும் எழுந்து நின்று பாவ அறிக்கையைச் சேர்ந்து படித்தது. அந்த மாதம் புதிதாகச் சேர்த்த மூன்றாவது வரி வந்ததும் கோ பிங்-தேக் வாயை மூடிக்கொண்டார்.

"எங்களுடையதல்லாத நிலத்தை எடுத்தோம், அதில் விளைந்ததைத் தின்று, ஆசீர்வாதம் என்று சொன்னோம்."

மற்றவர்கள் சொல்லிவிட்டு மேலே போனார்கள். நாலாவது வரியில் அவர் மறுபடி சேர்ந்துகொண்டார்.

தாய்னான் மலையடிவாரத்தில் மாமரத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. அவருக்கு எழுபத்தேழு வயது. சபையில் இருபத்திரண்டு வருடமாக மூப்பர். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். சீன எழுத்து ஒட்டவில்லை. மிஷனரிகள் விட்டுப்போன ஆங்கில எழுத்தில் சொந்தப் பேச்சைப் படிக்க ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்டதுதான் அவர் படிப்பு. விரலை வரிக்குக் கீழே வைத்துத்தான் படிப்பார். ஆகவே விரல் நகர்ந்ததும் உதடு நகராததும் பக்கத்தில் நின்ற மனைவி ஆ-பூனுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. மூன்றாவது வாரம் எல்லோருக்கும் தெரிந்தது.

பழமைவாதி என்று அவரை ஒதுக்கவும் வழியில்லை. ராணுவம் ஆண்ட காலத்தில் பிடிபட்டவர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்த சபை அது. அப்போது வாசலில் நின்று காவல் பார்த்தவர் அவர். போன வருடம் சபை வாசலில் வானவில் துணியைக் கட்ட ஏணி போட்டவரும் அவர்தான். ஒருவரையொருவர் கல்யாணம் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்வதைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "நேரத்துக்கு வர்றாங்க. நீ வர்றியா?" என்றார்.

அந்த ஞாயிறு, சபையில் சேமியா சாப்பாடு முடிந்ததும் மூப்பர் கூட்டம். ஐந்து மூப்பர்கள், தலைமைக்குப் போதகர் யூ ஹூய்-ஜின். முப்பத்து நாலு வயதுப் பெண்.

"மூப்பரே, அந்த வரி உங்களுக்கு ஒவ்வலைன்னா எடுத்துரலாம்," என்றார் போதகரம்மா.

"ஒவ்வலைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"மூணு வாரமா வாயத் திறக்கலையே," என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் சோ. "உங்களத் தனியா குத்திச் சொல்றது இல்லண்ணே அது. இந்தத் தீவோட பழைய பாவம். எல்லாருமா சேர்ந்து சுமக்குறோம்."

"வாத்தியாரே, உங்களுக்கு நிலம் இருக்கா?"

"எனக்கு ஏது? மூணாவது மாடில குடித்தனம்."

"தென் அம்மாவுக்கு?"

மருந்துக்கடை தென் அம்மா சிரித்தார். "கடையே வாடகைக் கடை. பால்கனில ரெண்டு பூந்தொட்டி இருக்கு. அதுவும் கணக்குல சேருமா மூப்பரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க எடுத்த நிலம் எங்கதான் இருக்கு? என்னுது எங்கன்னு எனக்குத் தெரியும். ஓடைக்கு மேல, நூத்திப்பத்து மாமரம்."

சிரிப்பு நின்றது.

அந்த மேல்தோட்டம் ஒரு காலத்தில், தீவின் பூர்வகுடிகளான சிராயாக்காரர்களில் பான் குடும்பத்துடையது. பிங்-தேக்கின் தாத்தா அவர்களிடம் ஒரு எருமையைக் கொடுத்து, குத்தகை என்று சொல்லிக் கிரயத்துக்குக் கைரேகை வாங்கினார். வைத்தவனுக்குப் படிக்கத் தெரியாது. தாத்தா அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பார். பிங்-தேக்கும் சேர்ந்து சிரித்தவர்தான்.

"இப்ப என்ன செய்யலாம்ங்குறீங்க?" என்றார் சோ. குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

வரியை எடுப்பதா வைப்பதா என்று கை தூக்கச் சொன்னார்கள். எடுக்க இரண்டு கை, வைக்க இரண்டு கை. போதகர் கை தூக்கும் வழக்கம் அங்கே இல்லை. எல்லோரும் பிங்-தேக்கைப் பார்த்தார்கள். எடுத்துவிட்டால் மாமரமும் மிஞ்சும், வாயும் திறக்கும். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. சுலபமாகக் கிடைப்பதில் எங்கோ ஓட்டை இருக்கும் என்று நினைக்கிற ஆள் அவர்.

"வரிய எடுத்தா நிலம் திரும்பிப் போயிருமா? இருக்கட்டும்," என்று வைக்கிற பக்கம் கை தூக்கினார்.

மறுநாள் பான் தியாவ்-கூன் வீட்டுக்குப் போனார். அறுபது வயதுக்காரன், மூங்கில்குருத்து விற்கிறவன். சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். நிலத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொன்னதைக் குருத்தை உரித்துக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"என்ன பெரியவரே, மரத்துக்கு நோய் விழுந்துருச்சா?"

"இல்ல."

"ரோடு போடப்போறாங்கன்னு நோட்டீஸ் வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல."

"பின்ன எதுக்கு? ஒங்க ஆளுங்க சும்மா குடுத்து நான் பாத்ததில்ல."

"எங்க ஆளுங்க சும்மா எடுத்ததுதானேடா இது."

பான் கத்தியை மறுபடி எடுத்தான். "போனது போச்சு, வச்சுக்கோங்கன்னு நான் சொல்வேன்னு நெனச்சு வந்தீங்களா?"

வழியெல்லாம் அந்த நினைப்பு அவருக்கு இருந்தது. "ஆமா," என்றார்.

"சொல்ல மாட்டேன்."

"சரி."

"இந்த வருசக் காய்ப்பு?"

"அதுவும் ஒன்னுதுதான்."

"காய் முட்டை அளவுக்கு வந்துருக்கும். பூச்சி படாம காய்க்குப் பை கட்ட எனக்கு ஆள் ஏது?"

"நான் கட்டுறேன். கூலி குடு."

பான் முதல்முறையாகச் சிரித்தான். "எழுபத்தேழு வயசுக்கு அரைக்கூலிதான்."

ஆ-பூன் அன்று அடுப்போடு மட்டும் பேசினாள். "எனக்கும் சேத்துக் கூலி கேட்டிருக்கலாம்ல, நானுந்தானே பை கட்டணும்," என்றாள் கடைசியில். தாய்ச்சுங்கில் இருக்கும் மகன் போனில், "ஜெபத்துல ஒரு வரிக்கா சொத்த எழுதிக் குடுக்குறீங்க?" என்று கேட்டு வைத்தவன் பிறகு எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசில் கையெழுத்தானது. பான் ஒவ்வொரு தாளையும் தன் மகளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே போட்டான். பிங்-தேக் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவராக இருந்தால் மூன்று முறை கேட்டிருப்பார்.

ஊரில் செய்தி பரவ ஒரு நாள் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கைக்கு எழுந்தார்கள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் அவர் வாயைத் திறந்தார். "எங்களுடையதல்லாத நிலத்தை எடுத்தோம்" வரைக்கும் போனவருக்கு என்னவோபோல் இருந்தது. போதகரம்மாவின் குரலும் தன் குரலும் மட்டும் கேட்டன. தென் அம்மா தாளைப் பார்த்தபடி நின்றார். சோவின் உதடு அசையவில்லை.

பக்கம் மாறிப் படித்துவிட்டோமோ என்று அவர் குனிந்து பார்த்தார். விரல் சரியான வரியில்தான் இருந்தது. மிச்சத்தையும் படித்து முடித்தார்.