ஜீவராணி சொன்ன ‘நோ’

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேனா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. எல்லாம் பர்ஸானா மிஸ் சொல்லக் கேட்டவைதான். அவரும் ஒரு முறை அடைமழை என்பார், இன்னொரு முறை மழை விட்டு மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன என்பார். பரீட்சை அறையில் இருந்த மௌனத்தைப் பற்றி மட்டும் அவர் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய தொழிற்பயிற்சிக் கல்லூரியில் அவர் அடிப்படை ஆங்கிலம் படிப்பித்தார். அந்த வகுப்பைத் தாண்டினால்தான் தாதி உதவியாளர் பயிற்சியில் சேரலாம். யார் தாண்டலாம் என்பதை அவரும் பயிற்சிப் பொறுப்பாளர் கிருஷ்ணகுமாரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

ஜீவராணி அந்த வகுப்பில் இரண்டாம் தடவையாக உட்கார்ந்திருந்தாள். எழுத்தில் குறையில்லை. வாயைத் திறந்தால் எதற்கும் “யெஸ், சேர்” தான். புரிந்தாலும் யெஸ், புரியாவிட்டாலும் யெஸ். கூடப் படித்த நிரோஷன் அவளுக்கு யெஸ் ராணி என்றே பெயர் வைத்துவிட்டான். இந்த முறையும் தவறினால் கொழும்புக்குக் கார்மென்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அப்பா செல்லையா சொல்லியிருந்தார்.

ஏன் இப்படி என்று பர்ஸானா ஒருநாள் அவளைத் தனியாகக் கேட்டார்.

“பெரியவங்க கேக்குறப்ப இல்லன்னு எப்புடிங்க மிஸ் சொல்றது?”

கிருஷ்ணகுமாருக்கு இது புரியாமல் இல்லை. அவரும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்துத் துரை எதைக் கேட்டாலும் “ஆமாங்க” என்று நின்றவர்களின் பேரன். அதனாலேயே இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார்.

“வாட்டுல டாக்டர் வேற ஆளக் காட்டி, ஊசி இவருக்குத்தானேன்னு கேப்பாரு. இந்தப் புள்ள யெஸ்ஸுன்னு நிக்கும். அப்புறம் என்னங்க மிஸ் செய்றது?”



வாய்மொழிப் பரீட்சையன்று, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கிருஷ்ணகுமார் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா ரப்பர் பால் வெட்டுகிறார் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஜீவராணி நின்றுவிட்டாள். பிள்ளைகள் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பது பர்ஸானாவின் பழக்கம். அன்றும் சொல்ல வாயெடுத்தார். கிருஷ்ணகுமார் கையால் மறித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடினார். களைத்துவிட்டாய், முடித்துக்கொள்ளலாம்தானே என்று இரக்கத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார்.

வழக்கமான பதிலுக்கு இருவரும் காத்திருந்தார்கள்.

“நோ, சேர்” என்றாள் ஜீவராணி.

சொன்ன பிறகு அவளே மிரண்டுபோனாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. தான் இன்னும் முடிக்கவில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். பிறகு பேசாமல் இருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று பர்ஸானாவுக்குத் தெரியாது. பெரியவர்கள் இருவரைக் காக்கவைத்துவிட்டு, அந்தப் பிள்ளை வேறொரு மொழிக்குள் தனியாகப் போய்த் தனக்கு வேண்டிய சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பர்ஸானாவுக்கு மேல் சிலிர்த்தது. தொழுகையில் நெற்றி தரையில் படும்போது வருகிற அடக்கம், அந்த மர நாற்காலியில் வந்தது. இத்தனை காலமும் பிள்ளைகளின் வாயில் சொல்லை வைத்து வைத்து, இப்படி ஒன்று நடக்க இடமே கொடாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தார்.

பிறகு ஜீவராணி பேசினாள். மரத்தைக் கீறியதும் பால் சொட்டாது, பட்டையில் மெல்ல ஊர்ந்து வரும், அதற்குள் அம்மா அடுத்த மரத்துக்குப் போய்விடுவார் என்றாள். சின்ன வயதில் தான் மட்டும் முதல் மரத்தடியில் நின்றுகொள்வாளாம், தேங்காய்ச் சிரட்டையில் முதல் சொட்டு விழும் சத்தம் கேட்பதற்காக. ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. இருவரும் அவற்றை எண்ணவில்லை.

அவள் வெளியே போனபின் கிருஷ்ணகுமார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“நம்மகிட்டயே இல்லன்னு சொல்லிருச்சு. இனி யாருகிட்டயும் சொல்லும். பயிற்சிக்குப் போகட்டுங்க மிஸ்” என்றார்.

ஜீவராணி இப்போது கேகாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி உதவியாளர். செல்லையா தோட்டத்து வேலையை விட்டுவிட்டார், அம்மா இன்னும் பால் வெட்டுகிறார். நிரோஷன் பாதியில் நின்று ருவான்வெல்லையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். கிருஷ்ணகுமார் இரத்தினபுரிக்கு மாற்றலாகிப் போனார். பர்ஸானா மிஸ் அதே வகுப்பில் இருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.