துர்தகுன் வண்டிக்குள் அடித்த கடற்காற்று

2008ஆம் வருஷம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை ஆறேகால் மணியிலிருந்து துர்தகுனின் வண்டிக்குள் கடற்காற்று அடித்தது. வண்டிக்கு வெளியே எப்போதும்போல எங்கள் நாரின் ஊரின் காற்றுதான்: கொஞ்சம் தூசி, நிறைய நிலக்கரிப் புகை, மலையிலிருந்து இறங்கும் குளிர். எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றோ இரண்டோ பெரிய நாடுகள் படுத்துக்கிடக்கின்றன. ஆனால் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, இடது பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கினால் போதும், உப்பு வாடையும் ஈரமும் முகத்தில் அடிக்கும், தூரத்தில் அலை புரளும் சத்தம் கேட்கும். அன்று தலைநகர் பிஷ்கெக்குக்கு ஏறிய ஆறு பேரும் டோலோன் கணவாய் வரை ஒருவர் பையை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள், யாரோ உப்பு மீன் கொண்டுவருகிறார்கள் என்று. கணவாயில் இறங்கித் தேநீர் குடித்தபோது எல்லோருடைய மீசையிலும் புருவத்திலும் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள். மறுவாரம் சிலர் அந்த வண்டிதான் வேண்டும் என்று காத்திருந்து ஏறினார்கள், சிலர் முடி பிசுபிசுக்கிறது என்று வேறு வண்டிக்குப் போனார்கள். கட்டணம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

காரணம் ஒரு சிடி. ஏழு பேர் உட்காரும் அந்த வெள்ளை வண்டி ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி, ரயிலேறி எங்களிடம் வந்தது. அப்படி வந்தவை எங்கள் ஊரில் முந்நூறு இருக்கும். எல்லாவற்றிலும் ஸ்டீயரிங் வலது பக்கம், நடுவில் வழி காட்டும் ஒரு சின்னத் திரை. வழி காட்ட ஜப்பான் தேசத்து வரைபட சிடி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது மட்டும் எந்த வண்டியிலும் வந்து சேராது, வழியிலேயே தொலைந்துவிடும். இங்கே அதைத் தேடியவர் யாருமில்லை. எங்கள் ஊர் ஆற்றங்கரையோடு பதினைந்து கிலோமீட்டர் நீளம், குறுக்கே நடந்தால் கால் மணி நேரம். இதில் வழி தவறுபவனுக்கு எந்த இயந்திரமும் உதவாது. ஆனால் காலையில் சாவியைத் திருப்பியதும் திரைக்குள்ளிருந்து ஒரு பெண் மெல்லிய குரலில், மிகுந்த மரியாதையோடு, ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் சொல்வாள். புறப்படும்போது பெரியவர்கள் ஆசி சொன்னால் ‘ஓமின்’ என்று இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை வழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இவ்வளவு பணிவாக ஒரு பெண் பேசினால் அது பயணத்துக்கு ஆசியாகத்தான் இருக்கும் என்று டிரைவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். முந்நூறு முற்றங்களில் தினமும் காலையில் முந்நூறு பெண்கள் அதையே சொல்ல, முந்நூறு ஆண்கள் முகத்தை வழித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.

உண்மையைச் சொன்னவள் பிஷ்கெக் கார் சந்தையில் பழைய ரேடியோக்கள் விற்கும் வேரா கெகாய் என்கிற கொரியக்காரி. அவளுடைய பாட்டனார் சகாலின் தீவில் ஜப்பானியர்களிடம் வேலை பார்த்தவர், வீட்டில் அந்த மொழி கொஞ்சம் தங்கிவிட்டது. துர்தகுன் அவள் கடை வாசலில் வண்டியை எடுக்கும்போது முகத்தை வழிப்பதைப் பார்த்து அவள் என்னவென்று விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவ ஆசி சொல்லலய்யா. ‘தயவுசெஞ்சு மேப் சிடியைப் போடுங்க’ன்னு கேக்குறா. எத்தனை வருஷமாக் கேக்குறாளோ பாவம்.”

துர்தகுனுக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு பெண் மூன்று வருஷமாகத் தினம் காலையில் தயவாக ஒன்றைக் கேட்க, தான் ஆமென்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷர். வேராவின் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த சிடிகளில் கைக்கு வந்த ஒன்றை வாங்கிவந்து மறுநாள் காலை போட்டார். திரையில் ஜப்பானின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு சின்ன ஊர் தெரிந்தது, ஊரை ஒட்டி நீலம். அந்தப் பெண் நன்றி சொன்னாள். காற்று வந்தது.

இந்த இடத்தில் அவர் மனைவி புருல்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் இருபத்தாறு குளிர்காலம் நிலக்கரி அள்ளிப் போட்டவள். பிள்ளைகளுக்குக் கை விறைக்காமல் எழுத வந்தது, இவளுக்கு நெஞ்சுக்குள் கரி படிந்தது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், முடிந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்வாள். டாக்டர் குல்சுன் அதற்கு முந்தைய வருஷம் சோதித்துப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் ‘கடல், மாதம் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்களையும் சேர்த்து வைத்திருந்த, கடல்கள் உள்ள பெரிய தேசம் உடைந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது, டாக்டரின் கைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. இசிக்-குல் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது, அது போதாதா என்று துர்தகுன் கேட்டார். “ஏரி போதும்னா ஏரின்னு எழுதியிருப்பேன்” என்றார் டாக்டர். அந்தச் சீட்டு சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

வண்டிக்குள் காற்று வந்த மூன்றாம் நாள் புருல்சா சந்தைக்குப் போக அதில் ஏறினாள். வீட்டிலிருந்து சந்தை வரை ஒரு முறைகூட அவள் இருமவில்லை. துர்தகுன் சந்தையைத் தாண்டிப் போனார், பாலத்தைத் தாண்டினார், ஊர் முடிகிற இடம் வரை போய்த் திரும்பினார். வெங்காயம் வாங்க வேண்டும் என்று அவளும் நினைவூட்டவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் முற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், உள்ளே இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், அவள் காலுறை பின்னுவாள், அவர் சும்மா இருப்பார். வேலிக்கு மேலே தலையை நீட்டி “எந்த ஊர் வரைக்கும்?” என்று கேட்பது அக்கம்பக்கத்துக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. குளிர்காலம் முழுக்க அவள் படுத்துத் தூங்கினாள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் உட்கார்ந்துதான் தூங்கினாள்.

ஜூன் மாதம் புருல்சாவின் தம்பி சாமுதின் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வண்டியை இரவல் கேட்டான். நல்லவன், வாய்தான் நிற்காது. கணவாய்ச் சாலையில் போலீசார் வேகம் அளக்கும் கருவியோடு நிற்பதாகப் பேச்சு. முன்கண்ணாடியில் ஒரு சிடியைத் தொங்கவிட்டால் அந்தக் கருவிக்குக் கண் கூசிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் டிரைவர்கள் எல்லோரும் அறிந்த சாஸ்திரம், அது பலித்ததா என்று யாரும் கேட்பதில்லை. சாமுதின் வண்டியில் சிடி தேடினான். இயந்திரத்துக்குள் பளபளவென்று ஒன்று இருந்தது. உருவி, கம்பளி நூலில் கோத்துத் தொங்கவிட்டான். ஒன்பது வண்டிகள், எல்லாக் கண்ணாடியும் இறக்கம், ஆட்டம், பாட்டு. கணவாயைத் தாண்டி இறங்கும்போது நூல் அறுந்து சிடி ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. திரும்பி வந்து கல்யாணச் சேதி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக இதையும் நல்ல சேதியாகவே சொன்னான்.

“ராடாருக்கு நம்மளப் பிடிக்கவே முடியல அத்தான். சிடிதான் போச்சு. விடுங்க, என்கிட்ட பாட்டு சிடி பத்து இருக்கு, தர்றேன்.”

துர்தகுன் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். புருல்சா இருவரையும் பார்த்துவிட்டு, தம்பியின் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தாள். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் அந்தப் பெண் பழைய வாக்கியத்தையே திரும்பக் கேட்டாள். இப்போது அதன் பொருள் தெரிந்திருந்ததால் அவரால் முகத்தை வழிக்க முடியவில்லை.

வேராவிடம் போனார். அதே சிடி இன்னொன்று இல்லை, வண்டிகள் கப்பலிலிருந்து இறங்கும் விளாடிவோஸ்டோக்குக்குப் போன் போட்டும் இல்லை. இருப்பதையெல்லாம் கொடுத்தாள். முதலில் போட்டது வடக்குத் தீவின் சிடி: ஜூலை மாதத்தில் இருக்கைகள் மேல் பனி பெய்தது, பயணிகள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்கள், புருல்சா ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டாள். அடுத்தது ஏதோ பெருநகரம்: வண்டியில் ஏழு பேர்தான் என்றாலும் எழுபது பேருக்கு நடுவில் நெரிவதுபோல் இருந்தது, கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்கள், அதற்கு முன் எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. மூன்றாவது மலைநாட்டு வெந்நீர் ஊற்றுகளின் சிடி. கண்ணாடி முழுக்க ஆவி, கந்தக நெடி. அன்று புருல்சா இருமிய இருமலில் அக்கம்பக்கத்தார் பால் கறப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் அவள் மறுபடியும் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தாள். டாக்டர் குல்சுன் வந்து பார்த்தார், இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று துர்தகுனிடம் தனியாகச் சொன்னார், மருந்து எதுவும் எழுதவில்லை. துர்தகுன் கடைசியாகப் போனபோது வேரா பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அவள் அன்று சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதிவாக்கில் மேய்ச்சல் நிலத்திலிருந்து கனிஷாய் என்கிற இடைச்சி வண்டியில் ஏறினாள். பேச்சுத்துணைக்காகவே பயணம் செய்கிறவர்கள் உண்டு, அவள் அந்த வகை. மழையைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள், பிறகு ஆடுகளுக்கு வந்தாள்.

“இந்த வருஷம் ஆட்டுக்கு என்ன கிறுக்கோ தெரியல. கல்லுப்பு கட்டிகட்டியா வாங்கிப் போட்டேன், நாக்குல தொடல. கணவாய்க்குக் கீழ ஊத்துப் பக்கமே போய் நின்னுக்கிட்டு பாறையை நக்குது, புல்லை நக்குது. துணி காயப்போட்டா காயவே மாட்டேங்குது. ரெண்டு வெள்ளைப் பறவை வேற, புருஷன் பொண்டாட்டி மாதிரி நாள் பூரா கத்திக்கிட்டு.”

துர்தகுன் பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்தவர்கள் முன்னால் வந்து விழுந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எந்த வளைவு, எந்த ஊற்று என்று இரண்டு முறை விசாரித்தார்.

மறுநாள் புருல்சாவைப் போர்வை சுற்றி இடது இருக்கையில் உட்கார்த்திக்கொண்டு போனார். சாலையிலிருந்து இருநூறு அடி மேலே ஒரு ஊற்று, பக்கத்தில் ஒரு குட்டை ஜூனிப்பர் மரம். வழிப்போக்கர்கள் வேண்டிக்கொண்டு துணிக்கிழிசல் கட்டிவிட்டுப் போகும் மரம் அது. நூறு துணிகளுக்கு நடுவே யாரோ சிடியையும் சிவப்புத் துணியால் கட்டியிருந்தார்கள், சாமுதினின் கம்பளி நூல் இன்னும் அதில் தொங்கியது. புல் ஈரமாக இருந்தது. சரிவின் கீழ்ப்பக்கம் வெறும் மேய்ச்சல் நிலம்தான், ஆனால் அங்கிருந்து அலை வந்து போகும் சத்தம் கேட்டது. துர்தகுன் சிடியை அவிழ்த்துச் சட்டையில் துடைத்து, கீழே ஓடிவந்து வண்டிக்குள் போட்டார். இயந்திரம் விழுங்கியது, கொஞ்ச நேரம் யோசித்தது, வெளியே தள்ளியது. தார்ச்சாலைக் கற்கள் அதை அவ்வளவு கீறியிருந்தன. துடைத்துத் துடைத்து ஏழு முறை போட்டார். ஏழு முறையும் அந்தப் பெண் தயவாக சிடியைக் கேட்டாள். எட்டாவது முறை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்து அழுதுவிட்டார்.

புருல்சா அவர் கையிலிருந்து சிடியை எடுத்தாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று மேலே ஏறினாள். அவர் பின்னாலேயே போனார். இருந்த கிளையிலேயே அதே சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டினாள், மரத்தடியில் உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு முழு உடம்பையும் நீட்டிப் படுத்தாள். மத்தியான வெயில். துர்தகுனும் கண்ணயர்ந்தார். எதுவோ அவரை எழுப்பியது. எழுப்பியது இருமல் இல்லாததுதான் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார்.

“இருக்கேன், கிழவா” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலேயே. “கையை எடு. தூங்கணும்.”

அந்தக் கோடை முடியும்வரை அவர்கள் அங்கேயே கூடாரம் போட்டார்கள், அடுத்த கோடையிலும், அதற்கடுத்த எல்லாக் கோடையிலும். குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டதற்குக் கனிஷாய் வழி சொன்னாள்: அந்தப் புல்லில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியை வெந்நீர் ஊற்றி மிதித்து இரண்டு தடித்த விரிப்புகள் செய்து கொடுத்தாள். அவற்றை விரித்துப் படுத்தால் மார்ச் வரைக்கும் அறையில் உப்பு வாடை இருக்கும், காது வைத்துக் கேட்டால் கொஞ்சம் சத்தமும் வரும். டாக்டர் குல்சுன் சோதித்துவிட்டு ‘கடலால் குணம், தொடரவும்’ என்று எழுதினார், எந்தக் கடல் என்று கேட்கவில்லை. சாமுதின் இதெல்லாம் தன்னால்தான் நடந்தது என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அதில் பொய்யும் இல்லை. அந்த வளைவில் குதிரைப்பால் விற்கிறவர்கள் இப்போது மத்தியானம் அலை ஏறுவதற்கு முன் கடை விரிப்பை ஐந்தடி மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே பால் கொஞ்சம் கரிக்கும், வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள்.

துர்தகுன் மற்ற டிரைவர்களுக்கு அந்தப் பெண் உண்மையில் என்ன கேட்கிறாள் என்று விளக்கிச் சொன்னார். யாரும் நம்பவில்லை, இன்றும் காலையில் முகத்தை வழித்துக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறார்கள். அவருடைய வண்டியிலும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. தினமும் சாவியைத் திருப்பியதும் அவள் கேட்டு முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். பக்கத்து இருக்கையில் புருல்சா காலுறையை எடுத்துப் பின்ன ஆரம்பித்திருப்பாள்.

“பத்திரமா இருக்கு தங்கச்சி” என்பார் அவர் திரையைப் பார்த்து. “மேல மரத்துல கட்டியிருக்கோம்.” பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை வழித்துக்கொண்டு வண்டியை எடுப்பார்.